அடிமை முறை ஒழிந்த பிறகு அமெரிக்காவில் வந்த நிறப் பிரிவினை: சட்டம் செய்ததா, ஊர் செய்ததா?

சந்தைக்கடை:

இன்னொரு இழையில் ஒருவர் "முதலாளிகள் இஷ்டத்துக்கு விட்டால் இனவெறிதான் மிஞ்சும், அமெரிக்காவைப் பார்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் பேச்சு திசை மாறும், அதனால் தனி இழை.

சரி, அமெரிக்காவையே பார்ப்போம். 1890-ல் லூசியானா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி. மாறி உட்கார்ந்தால் 25 டாலர் அபராதம் அல்லது 20 நாள் சிறை. இதை நீதிமன்றத்துக்கு இழுத்தது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின, கலப்பினக் குடிமக்கள் குழு ஒன்று. அவர்களுக்கு உள்ளுக்குள் ஒத்தாசை செய்தது யார் தெரியுமா? ரயில் கம்பெனி. ஒரு பெட்டியில் அடங்குகிற ஆட்களுக்கு இரண்டு பெட்டி இழுக்கச் சொன்னால் எந்த முதலாளிக்குப் பிடிக்கும்? 1892 ஜூன் 7 அன்று அந்தக் குழுவின் சார்பில் கலப்பினத்தவரான ஹோமர் பிளெஸ்ஸி முதல் வகுப்பு டிக்கெட்டோடு வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானாரே, அது கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிந்து நடந்த ஏற்பாடு. கைது செய்வதற்கென்றே ஒரு தனியார் துப்பறிவாளரைக் குழு காசு கொடுத்து அமர்த்தியிருந்தது. 1896-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்று பிளெஸ்ஸிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆக, பிரிவினைக்கு முத்திரை குத்தியது அரசு, முனகியது முதலாளி.

டிராம் வண்டியிலும் இதே கதை. அலபாமாவின் மொபைல் நகரத்தில் 1902-ல் டிராம் கம்பெனி பிரித்து உட்கார வைக்க மாட்டேன் என்று பகிரங்கமாகவே மறுத்தது. போலீஸ் கண்டக்டர்களைப் பிடித்துப் போன பிறகுதான் வழிக்கு வந்தது.

என் கட்சி இதுதான்: சட்டம் தலையிடாமல் இருந்திருந்தால் காசே எல்லோரையும் ஒரே பெட்டியில் உட்கார வைத்திருக்கும். மறுப்பவர்கள் தகவலோடு வாருங்கள், கோஷத்தோடு வேண்டாம்.

செங்காந்தள்:

//காசே எல்லோரையும் ஒரே பெட்டியில் உட்கார வைத்திருக்கும்//

ரயில் கம்பெனி கதையில் பொய் இல்லை. ஆனால் ஏன் 1890-ல் தொடங்குகிறீர்கள்? உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். நடுவில் இருக்கிற 25 வருஷத்தை முழுங்கி ஏப்பம் விட்டுவிட்டீர்களே.

1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே கடலோரமாகக் கிடந்த நெல், பருத்திப் பண்ணைகளை, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை, விடுதலையான கறுப்பருக்குப் பிரித்துக் கொடுப்பதென்று. சுமார் 40,000 பேர் 4 லட்சம் ஏக்கரில் குடியேறி உழத் தொடங்கினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள், லிங்கனுக்குப் பின் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன் பழைய பண்ணையார்களுக்கு மன்னிப்புக் கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். உழுதவர்களுக்கு இரண்டே வழி: அதே பண்ணையாரிடம் கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வை, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்.

அதன் பிறகு வந்தது வாரக் குத்தகை. நம் ஊர்க் கிராமத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் பண்ணையாருடையது. விளைச்சலில் பாதி உழுதவனுக்கு. ஆனால் அறுவடை வரைக்கும் சாப்பிட வேண்டுமே? மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, செருப்பு, துணி எல்லாம் பண்ணைக் கடையில் பற்று. ரொக்க விலை ஒன்று, பற்று விலை ஒன்று. டிசம்பரில் கணக்குத் தீர்ப்பார்கள். பருத்தியை நிறுப்பது அவர், விலை சொல்வது அவர், நோட்டில் எழுதுவதும் அவர். எழுத்துத் தெரியாதவனிடம் "இந்த வருஷமும் உன் பேரில் பாக்கி நிற்கிறது" என்பார். தெரிந்தவன் வாயைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து.

சொல்லுங்கள், எந்தச் சட்டம் அவரைக் கள்ளக் கணக்கு எழுதச் சொன்னது?

சந்தைக்கடை:

நன்றி. எனக்குச் சாதகமான சாட்சியை நீங்களே கூட்டி வந்திருக்கிறீர்கள்.

நிலத்தைப் பிடுங்கியது யார்? ஜனாதிபதி. அதாவது அரசு.

1865 நவம்பரில் மிசிசிப்பி கறுப்பருக்கென்றே தனிச் சட்டத் தொகுப்பு போட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் "எனக்கு வேலை இருக்கிறது" என்று எழுத்துச் சான்று காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்குள் விலகினால் அதுவரை உழைத்த கூலியும் போச்சு. வேலையில்லாமல் திரிகிறான் என்று பிடித்தால் 50 டாலர் வரை அபராதம். கட்ட முடியாதவனை, அந்தப் பணத்தைக் கட்டுகிற வெள்ளைக்காரனிடம் வேலைக்கு விட்டுவிடுவார்கள். தென் கரோலினாவில் விவசாயமும் வீட்டுவேலையும் தவிர எது செய்தாலும் லைசென்ஸ். கடை வைக்க வருஷத்துக்கு 100 டாலர். லைசென்ஸ் ராஜ்யம் என்று நாம் புலம்புவோமே, அதன் உச்சம் இது.

ஏன் இவ்வளவு சட்டம்? சந்தை அவர்களுக்கு அடங்கவில்லை, அதுதான் காரணம். போர் முடிந்ததும் பண்ணையார்கள் கூடிப் பேசிக் கூலியை ஏற்றாமல் வைக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரன் ஒரு டாலர் கூடக் கொடுத்து ஆளைக் கூட்டிப் போனான். உடனே "அடுத்தவன் ஆளை ஆசை காட்டி இழுப்பது குற்றம்" என்று சட்டம். வெளிமாநிலத்திலிருந்து ஆள் பிடிக்க ஏஜென்டு வந்தான். ஜார்ஜியா 1898-ல் அவனுக்கு ஒரு மாவட்டத்துக்கு 500 டாலர் வரி போட்டது. உச்ச நீதிமன்றமும் 1900-ல் அது சரி என்றது. குடியானவன் பருத்தியை ராத்திரியில் சின்னக் கடைக்காரனிடம் கொண்டுபோய் நல்ல விலைக்கு விற்றான். பொழுது சாய்ந்த பிறகு பருத்தி விற்கக் கூடாது என்று அலபாமாவில் சட்டம்.

ஒவ்வொரு முறையும் சந்தை ஒரு கதவைத் திறக்கிறது, சட்டம் போய் அடைக்கிறது.

செங்காந்தள்:

அழகான பட்டியல். ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் கதவை அடைக்கச் சொல்லி மாநிலத் தலைநகரத்துக்கு மனுப் போட்டது யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். பண்ணையார்தான். மனுப் போட்டவரும், சட்டமன்றத்தில் கை தூக்கியவரும், ஊரில் நீதிபதியாக உட்கார்ந்தவரும் பல இடங்களில் ஒரே குடும்பம். அரசு தனி, முதலாளி தனி என்று நீங்கள் கோடு போடுகிறீர்கள். அந்த ஊரில் அவர்கள் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அலான்சோ பெய்லி வழக்கைப் பாருங்கள். அலபாமா, 1907-08. ஒரு பண்ணைக் கம்பெனியிடம் 15 டாலர் முன்பணம் வாங்குகிறார். வருஷம் முழுக்க உழைக்க ஒப்பந்தம், மாசம் 12 டாலர் கூலி. ஒரு மாசமும் சொச்சமும் வேலை பார்த்துவிட்டு விலகிவிடுகிறார். நம் ஊரில் என்ன செய்வார்கள்? கடன் பாக்கி என்று சிவில் வழக்கு. அலபாமா என்ன செய்தது? முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டாலே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு சட்டம் வைத்திருந்தது. அதைவிடக் கொடுமை, "எனக்கு அப்படி எண்ணமே இல்லை" என்று சாட்சிக்கூண்டில் சொல்லவே அவருக்கு அனுமதி இல்லை. 30 டாலர் அபராதமும் கோர்ட்டுச் செலவும் விதித்தார்கள். கட்ட முடியாவிட்டால் 136 நாள் கடுங்காவல். பாக்கி 15 டாலருக்கும் கீழே.

உச்ச நீதிமன்றம் 1911-ல் அந்தச் சட்டத்தை அடித்தது. வழக்குக்குத் திரைமறைவில் பணம் திரட்டி உதவியவர், வெள்ளையரோடு மோத வேண்டாம் என்று மேடையில் பேசி வந்த கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். (அவரைக் கோழை என்று திட்டுகிறவர்கள் இதையும் படிக்கலாம்.)

சொல்ல வந்தது: சட்டத்தின் சாட்டையை எடுத்துக் கொடுத்தது அரசு, பிடித்துச் சுழற்றியது கம்பெனி. இதில் எந்தக் கை பிரிவினையைச் செய்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

சுகர்லேண்ட் சுந்தர்:

நான் அதிகம் படிச்சவன் இல்லீங்க, இங்க டெக்ஸாஸ்ல குடியிருக்கறதால ஒண்ணு சொல்றேன். ஹூஸ்டன் பக்கத்துல சுகர் லேண்ட். நம்மாளுங்க நிறைய இருக்கற ஊரு. 2018-ல் இங்க பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டத் தோண்டினப்ப எலும்புக்கூடு வந்துச்சு. தோண்டத் தோண்ட மொத்தம் 95. எல்லாம் அடிமை முறை ஒழிஞ்சதுக்கு அப்புறம் செத்தவங்க. கைதிங்க. பக்கத்துல சங்கிலியும் கிடைச்சுது.

மாநில அரசு ஜெயில் கைதிங்களைக் கரும்புத் தோட்டக்காரங்களுக்கு ஆள் கணக்குல குத்தகைக்கு விட்டிருக்கு. அரசியல் சாசனத்தோட 13-வது திருத்தத்துல அடிமை முறை கிடையாது, ஆனா குற்றத்துக்குத் தண்டனையா இருந்தா பரவாயில்லைன்னு ஒரு சந்து இருக்கே, அதுக்குள்ள பூந்துதான். அடிமையா இருந்தப்பவாவது செத்தா முதலாளிக்குக் காசு நஷ்டம். கைதி செத்தா வேற ஆள் கேட்டு வாங்கிக்கலாம்.

நம்ம ஊரு ஆளுங்க பாதிப் பேருக்கு "சுகர்" எப்படி வந்துச்சுன்னே தெரியாது. சந்தைக்கடை சார், இது சந்தையா அரசாங்கமா, நீங்களே சொல்லுங்க.

சந்தைக்கடை:

அரசு. ஆள் பிடித்துக் கொடுக்கும் போலீஸ் இல்லாமல் எந்தத் தோட்டக்காரராலும் இதைச் செய்திருக்க முடியாது.

சுகர்லேண்ட் சுந்தர்:

வாங்கற ஆள் இல்லாம போலீஸும் பிடிச்சிருக்காதுங்களே. மிசிசிப்பில 1876-ல் சட்டத்தை மாத்தி, 10 டாலர் பெறுமான பொருளைத் திருடினாலே பெரிய திருட்டு, அஞ்சு வருஷம் வரை ஜெயில்னு வெச்சாங்க. பன்னிச் சட்டம்னே பேரு. ஒரு பன்னியைத் திருடினவன் அஞ்சு வருஷம் குத்தகைக்குப் போவான். கைதிகளை இப்படிக் குத்தகை விடறதை கடைசியா நிறுத்தின மாநிலம் அலபாமா, 1928-ல். அதுவரைக்கும் நிலக்கரிச் சுரங்கக் கம்பெனிங்க வாங்கிட்டுதான் இருந்துச்சு.

தண்டவாளம்:

ரயில் பற்றிப் பேச்சு வந்ததால் எட்டிப் பார்த்தேன். கறுப்பருக்கு ஒதுக்கிய பெட்டி பெரும்பாலும் எஞ்சினுக்கு அடுத்தபடி இருக்கும், கரியும் புகையும் நேராக வந்து விழும். பல ரயில்களில் முழுப் பெட்டிகூடக் கிடையாது, சாமான் பெட்டியில் பாதியைத் தட்டி வைத்து அடைத்துக் கொடுப்பார்கள். டிக்கெட் விலையில் மட்டும் வித்தியாசம் கிடையாது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மேலே சொன்ன 1890 லூசியானாச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. "மற்ற இனத்துக் குழந்தைகளைக் கவனிக்கும் தாதிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது." அதாவது கறுப்பினப் பெண் ஒருத்தி வெள்ளைக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தால் முதல் வகுப்பில், மெத்தை இருக்கையில், வெள்ளையர் நடுவே தாராளமாக உட்காரலாம். திரும்பி வரும்போது குழந்தை இல்லையென்றால் எஞ்சின் பக்கம் போக வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்தால் கலவரம் வரும், மக்கள் மனம் ஒப்பாது, பொது அமைதிக்காகத்தான் பிரிக்கிறோம் என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். இந்த ஒரு வரியை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் என்ன ஆகிறது?

செங்காந்தள்:

தண்டவாளம் அண்ணா, இதற்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். அருகாமை அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. சமையலறையில், தொட்டிலருகில், எங்கும் அருகாமைதான். சமமாக, தன் காசில், தன் டிக்கெட்டில் உட்கார்வதுதான் பொறுக்கவில்லை. பிளெஸ்ஸி தீர்ப்பில் மாறுபட்ட ஒரே நீதிபதி ஹார்லன். சட்டம் எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும், வெள்ளையரைக் கறுப்பர் பெட்டியிலிருந்து தள்ளி வைக்க அல்ல, கறுப்பரை வெள்ளையர் பெட்டியிலிருந்து தள்ளி வைக்கத்தான் என்று அவரே அப்போதே எழுதிவிட்டார்.

கயல்:

கல்லூரி மாணவி, ஒரு சந்தேகம். 1870-ல் 15-வது திருத்தம் வந்து கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்துவிட்டதே? மிசிசிப்பி போன்ற இடங்களில் அவர்கள் எண்ணிக்கையும் அதிகம். பிறகு எப்படி இந்தச் சட்டங்கள் எல்லாம் நிறைவேறின? ஓட்டுப் போட்டே தோற்கடித்திருக்கலாமே?

பொன்னேரி வாசு:

நல்ல கேள்விம்மா. முதலில் போட்டார்கள். 1870-லேயே மிசிசிப்பியிலிருந்து ஹைராம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டுக்குப் போனார். பிறகு துப்பாக்கி வந்தது.

1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு, லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் என்ற ஊர். தேர்தல் தகராறில் நீதிமன்றக் கட்டடத்தைக் காவல் காத்து நின்ற கறுப்பர்களை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் சுற்றி வளைத்து, கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களையும் பிறகு சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்கள் 60 என்றும் 150 என்றும் கணக்கு மாறும். நிறையப் பேர் மேல் வழக்குப் போட்டு, மூன்றே பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதையும் 1876-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? சட்டப் பாதுகாப்பு எல்லோருக்கும் சமம் என்ற 14-வது திருத்தம் மாநில அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்கள் செய்வதை அது தொடாது!

1883-ல் இன்னொரு தீர்ப்பு. விடுதி, தியேட்டர், ரயிலில் பாகுபாடு கூடாது என்று 1875-ல் மத்திய அரசு போட்டிருந்த சட்டத்தை அதே காரணம் சொல்லி அடித்தார்கள். சந்தைக்கடை இங்கே போடுகிறாரே "அரசு வேறு, தனியார் வேறு" என்று ஒரு கோடு, அதே கோட்டை வைத்துத்தான் கறுப்பருக்கு இருந்த பாதுகாப்பு முழுவதையும் கழற்றினார்கள்.

1877-ல் ஜனாதிபதித் தேர்தல் பேரத்தோடு தெற்கில் மத்தியப் படையின் காவலும் போயிற்று. அப்புறம் சட்டத்தாலேயே ஓட்டை எடுத்தார்கள். 1890 மிசிசிப்பி அரசியல் சாசனத்தில் 2 டாலர் தலைவரி, சாசனத்தில் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், இல்லை வாசித்துக் காட்டினால் பொருள் சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்று தீர்மானிப்பவர் வெள்ளை அதிகாரி. சாசனத்தின் அந்தப் பகுதியில் கறுப்பர் என்ற சொல்லே கிடையாது, அதனால் 15-வது திருத்தத்தை மீறவில்லையாம். 1898-ல் லூசியானா அதற்கும் மேலே போய் தாத்தா விதி கொண்டு வந்தது. 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ உன் அப்பனோ தாத்தாவோ ஓட்டுப் போடத் தகுதி பெற்றிருந்தால் உனக்குப் பரீட்சை கிடையாது. அந்தத் தேதியில் எந்தக் கறுப்பனின் தாத்தாவுக்கு ஓட்டு இருந்தது?

லூசியானாவில் பதிவான கறுப்பு வாக்காளர்கள் 1896-ல் 1,30,334. 1900-ல் 5,320. 1904-ல் 1,342.

அட்லாண்டா அம்பி:

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதறேள். நான் முப்பது வருஷத்துக்கு மேலா இங்கே அட்லாண்டாவிலே இருக்கேன். நடந்தது அநியாயம்னு ஒத்துக்கறேன். ஆனா ஒரு பக்கத்தை மட்டும் சொன்னா எப்படி?

1870-ல் கறுப்பர்ல எழுதப் படிக்கத் தெரியாதவா சுமார் 80 சதவீதம். 1910-ல் அது 30 சதவீதத்துக்கு வந்துடுத்து. நாற்பதே வருஷம்! அந்தக் கொடுமையான காலத்திலேயே நிலம் வாங்கினா, 1910 வாக்கில கறுப்பு விவசாயிகள் கையிலே ஒன்றரைக் கோடி ஏக்கர் அளவிலே இருந்தது. பள்ளிக்கூடம் கட்டினா, பாங்க் வெச்சா, சபைகள் வளர்த்தா. இதை யாரும் எழுத மாட்டேங்கறேளே. அவா வெறும் பலியாடுன்னு சொல்றதும் ஒரு மாதிரி அவமரியாதைதான்.

இன்னொண்ணு. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம், 65-ல் வாக்குரிமைச் சட்டம், 68-ல் வீட்டுவசதிச் சட்டம். அறுபது வருஷம் ஆச்சு. நாமெல்லாம் ரெண்டு பெட்டியோட வந்து இறங்கினவாதானே? நிறம் நமக்கும்தான் கறுப்பு. எப்படி மேலே வந்தோம்? படிப்பு, குடும்பம், சேமிப்பு. எத்தனை நாளைக்கு 1890-ஐயே காரணம் சொல்லிண்டு இருக்கறது?

செங்காந்தள்:

அம்பி சார், முதல் பத்தியை அப்படியே ஏற்கிறேன். அதுதான் என் வாதமும். அவர்கள் படித்தார்கள், வாங்கினார்கள், கட்டினார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பள்ளிக்கூடம் என்றீர்கள். 1912-க்கும் 1932-க்கும் நடுவே ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற செல்வந்தரின் நிதி உதவியோடு தெற்கில் ஏறக்குறைய 5,000 கறுப்பினப் பள்ளிகள் எழுந்தன. அந்தச் செல்வந்தர் கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கறுப்பின மக்கள் சில்லறை சில்லறையாகத் திரட்டிக் கொடுத்தார்கள், சுமார் 47 லட்சம் டாலர். ஏன் திரட்ட வேண்டி வந்தது? அவர்கள் கட்டிய பள்ளி வரி வெள்ளையர் பள்ளிக்குப் போய்விட்டது. ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவை காசு. பாங்க், கடை என்றீர்கள். 1921-ல் துல்சா நகரத்தின் கிரீன்வுட் பகுதியில் அப்படித்தான் கடை, தியேட்டர், ஓட்டல் என்று வளர்ந்திருந்தது. ஒரே ராத்திரியும் மறுநாள் காலையுமாக வெள்ளையர் கும்பல் 35 தெருக்கட்டங்களைக் கொளுத்தியது.

சட்டம் மாறிய அன்றே மனிதர்கள் மாறினார்கள் என்கிறீர்களா? பள்ளிகளைப் பிரிக்கக் கூடாது என்று 1954-ல் தீர்ப்பு. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் என்ன செய்தது? கலந்து படிக்க வைப்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று 1959-லிருந்து 1964 வரை அத்தனை அரசுப் பள்ளிகளையும் இழுத்துப் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளில் பலருக்கு ஐந்து வருஷம் பள்ளிக்கூடமே இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வயதில் அதில் மாட்டிய பிள்ளைக்கு இன்று எழுபதையொட்டிய வயதுதான் இருக்கும். நீங்கள் சொல்லும் "எத்தனை நாளைக்கு" அவர்கள் வயதுக்குள்தான் அடக்கம்.

சுகர்லேண்ட் சுந்தர்:

அம்பி சார், ரெண்டு பெட்டியோட வந்தோம்கறது நெசம். ஆனா பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு? பொறியியல் பட்டம். அதுவும் நம்ம ஊரு அரசாங்கக் காசுல படிச்சது. இன்னொண்ணு, அந்தக் கதவைத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கு வருஷத்துக்கு நூறு பேர்தான் கணக்கு. 1923-ல் பகத் சிங் திண்டுன்னு ஒருத்தர், அமெரிக்க ராணுவத்துல இருந்தவரு, குடியுரிமை கேட்டாரு. நீ வெள்ளைக்காரன் இல்லைன்னு அதே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கறுப்பர்கள் தெருவுல இறங்கி அடி வாங்கின அந்தக் காலத்து அலையிலதான் நமக்கும் கதவு திறந்துச்சு. அவங்க சமைச்ச பந்தியில உக்காந்துக்கிட்டு, ஏன் இன்னும் பசிக்குதுன்னு அவங்களையே கேட்கறது நியாயமாங்க?

அட்லாண்டா அம்பி:

பட்டம் அரசாங்கக் காசிலேன்னு சொல்றேள், வாஸ்தவம். ஆனா இங்கே படிக்காத கொரியாக்காரன் கடை வெச்சு முன்னுக்கு வந்ததையும் நான் கண்ணால பார்த்திருக்கேன். சட்டம் மட்டுமே மனுஷாளைத் தீர்மானிக்கறதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

பொன்னேரி வாசு:

கடை வைக்கவும் முதல் வேண்டும் சார். அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்துக்கு முதல் என்றால் வீடுதான். வீட்டை அடமானம் வைத்துக் கடை, பிள்ளை படிப்பு, எல்லாம். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வீடு, கடை, பண்ணைக்கு அரசு கடன் உத்தரவாதம் கொடுத்தது. 1947-ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கு: மொத்தம் 3,229 கடன், அதில் கறுப்பினச் சிப்பாய்க்குப் போனது 2. அதே போரில், அதே சீருடையில் இருந்தவர்கள். 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், அப்படி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர்.

சந்தைக்கடை:

வீடு என்று சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் வாசு. டெட்ராய்ட் போங்கள். வடக்கு, பிரிவினைச் சட்டம் இல்லாத ஊர். 1941-ல் எட்டு மைல் சாலைக்குத் தெற்கே ஒரு மனைக்காரர் வெள்ளையருக்கென்று வீடு கட்ட நினைத்தார். பக்கத்தில் கறுப்பினக் குடியிருப்பு. மத்திய வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பர் அருகில் இருப்பதால் ஆபத்தான இடம், கடனுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றது. மனைக்காரர் என்ன செய்தார்? இரண்டு பகுதிக்கும் நடுவே அரை மைல் நீளம், ஆறடி உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் வந்துவிட்டது. சுவர் இன்றும் நிற்கிறது, ஓரிடத்தில் ஓவியம் தீட்டி வைத்திருக்கிறார்கள்.

அரசுக் கடன் என்ற தூண்டில் இல்லாமல் எந்த மனைக்காரராவது சொந்தக் காசில் அரை மைல் சுவர் கட்டுவாரா?

செங்காந்தள்:

கட்டியிருக்க மாட்டார். ஆனால் அந்த அதிகாரிகளுக்கு அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? வீட்டுவசதி நிர்வாகம் பிறந்தது 1934-ல். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1924-ல், வீட்டு மனைத் தரகர்களின் தேசியச் சங்கம் தன் ஒழுக்க விதியில் எழுதி வைத்தது: மனை மதிப்பைக் குறைக்கும் இனத்தாரை ஒரு பகுதிக்குள் குடியேற்றத் தரகர் கருவியாக இருக்கக் கூடாது. ஒழுக்க விதி! எந்த அரசும் கேட்கவில்லை. பத்திரத்தில் "கறுப்பருக்கு விற்க மாட்டேன்" என்று எழுதி வாங்கியது தனி ஆட்கள். 1948 வரை நீதிமன்றம் அதை நிறைவேற்றிக் கொடுத்தது, அது உங்கள் பக்கத்துப் புள்ளி, எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தைக்கடை:

எடுத்துக்கொண்டேன். இன்னும் ஒன்றும் எடுத்துக்கொள்கிறேன். 1960 பிப்ரவரி 1, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ. நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார்கள், கூட்டம் பெருகியது, வியாபாரம் படுத்தது. ஜூலை 25 அன்று கடை இறங்கி வந்தது. சிவில் உரிமைச் சட்டத்துக்கு நாலு வருஷம் முன்பு! பணிய வைத்தது அரசு அல்ல, கல்லாப்பெட்டி.

செங்காந்தள்:

அந்த நாள் கதையை முழுக்கச் சொல்லுங்கள். அந்த நால்வரும் முதலில் அதே கடையில் பற்பசை போன்ற சில்லறைச் சாமான் வாங்கினார்கள். அங்கே காசை வாங்கி ரசீது கொடுத்தார்கள். சில அடி தள்ளி, சாப்பாட்டு மேடையில் மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டபோது கம்பெனி சொன்ன பதில் "உள்ளூர் வழக்கம்." சட்டம் என்று சொல்லவில்லை, வழக்கம் என்றது. காசு வருகிற மேடையைத் திறந்து வைத்து, சமமாக உட்காரும் மேடையை மூடி வைத்திருந்தது உங்கள் கல்லாப்பெட்டிதான்.

அம்பி சார் ஊருக்கு வருகிறேன். ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல், 216 அறை. தங்குகிறவர்களில் முக்கால்வாசி வெளிமாநிலத்தார். 1964-ல் சட்டம் வந்தது. இனி யாருக்கும் அறை மறுக்கக் கூடாது. உங்கள் கணக்குப்படி முதலாளி "அப்பாடா, வாடிக்கையாளர் பெருகுவார்கள்" என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் உடனே வழக்குப் போட்டார். கறுப்பருக்கு அறை கொடுக்கக் கட்டாயப்படுத்துவது தன்னையே அடிமையாக்குவது, 13-வது திருத்தத்துக்கு விரோதம் என்றுகூட வாதாடினார். அடிமை ஒழிப்புத் திருத்தத்தை! டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது.

சந்தைக்கடை:

அவர் செய்தது கேவலம். ஆனால் மோட்டல் அவர் சொத்து. யாரை உள்ளே விடுவது என்பதை அவர் தீர்மானித்தால் நஷ்டமும் அவருக்கே. இங்கே நாம் ஒத்துப்போகவே போவதில்லை.

செங்காந்தள்:

சொத்து அவருடையது, சரி. அந்த 216 அறையும் நிரம்பியது எதனால்? வாசலுக்குப் பக்கத்திலேயே ஓடிய மத்திய நெடுஞ்சாலையால். அதில் கறுப்பர் கட்டிய வரியும் இருக்கிறது. வரி மட்டுமா? அட்லாண்டாவின் ஆபர்ன் அவென்யூ, கறுப்பரின் காப்பீட்டுக் கம்பெனி, வங்கி, கடை, தேவாலயம் என்று செழித்த தெரு. மார்ட்டின் லூதர் கிங் பிறந்த தெரு. அதை நடுவில் கிழித்துக்கொண்டுதான் அந்த நெடுஞ்சாலை போகிறது. அம்பி சார், தினமும் அதில்தானே வேலைக்குப் போகிறீர்கள்?

அட்லாண்டா அம்பி:

போறேன். ஆபர்ன் அவென்யூ மேலே பாலமா போறது. கீழே என்ன இருந்ததுன்னு இங்கே வந்த புதுசிலே யாரும் சொல்லலை, அவ்வளவுதான். ஆனா அதுக்காக என் கேள்வி போயிடலை.

சந்தைக்கடை:

செங்காந்தள், அந்த நெடுஞ்சாலையைப் போட்டது எந்த முதலாளி? பெயர் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.